பின்சந்தின் பத்தொன்பது வோட்டு

ஸைனப் பேருவளையிலிருந்து பதுளைக்கு வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரமாம் வருஷம், கல்யாணம் முடிந்த பதினோராம் நாள். பண்டாரவளை மட்டும் ரயில், அதற்கப்பால் மாட்டுவண்டி. வழியெல்லாம் குளிர். வண்டிக்குள் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு, முன்னால் நடந்து வந்த புருஷனின் முதுகு மட்டுமே தெரிந்தது. பழகிய மாதிரி நடந்தார். நடப்பதுதான் அவர் தொழில் என்று அப்போதே விளங்கிவிட்டது.

ஹுமைத் பொட்டணி வியாபாரி. துணிமூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஸ்பிரிங்வெளி, தெமோதரை என்று தோட்டம் தோட்டமாகப் போவார். கூலிகள் குடியிருக்கும் எந்த லயத்தில் எந்தப் பெண்ணுக்கு எந்த நிறம் பிடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். போனால் திரும்பிவர பத்துப் பதினைந்து நாளாகும். அந்த நாட்களில் வீட்டில் ஸைனப் தனியாக இருந்தாள். தனிமை தாங்காமல்தான் அவள் அவருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள்.

அவளுக்குத் தெரிந்த எழுத்து அரபுத்தமிழ். பேருவளையில் ஓதிக்கொடுக்கும் லெப்பையின் மனைவியிடம் படித்தது. அரபு எழுத்தில் வலமிருந்து இடமாக எழுதினாலும், வாசித்தால் வாயில் வருவது நாம் பேசுகிற தமிழ்தான். கடிதம், பிள்ளைப்பேற்று மருந்து, மாலைப் பாட்டு என்று அவளுடைய ஊரில் பெண்கள் எழுதி வாசித்ததெல்லாம் அதில்தான். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஹுமைத் ஆறு மாதத்தில் அதைப் படித்துக்கொண்டார். அவருடைய முதல் கடிதம் தெமோதரையிலிருந்து வந்தது. ‘மழை. துணி நனையவில்லை. நான் நனைந்துவிட்டேன்.’ அதை வாசித்துவிட்டு அவள் அடுப்படியில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தாள்.

அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. மூன்றாம் வருஷம் தன் உம்மா மௌத்தானபோது, தாயில்லாமல் நின்ற ஏழு வயதுத் தம்பி ஷுக்ரியை ஸைனப் தன்னோடு கூட்டி வந்தாள். ஹுமைத் அவனை மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிக்க வைத்தார். “நான் நடந்தது போதும், இவன் நாற்காலியில் உக்காரட்டும்” என்பார். அப்படியே ஆயிற்று. இருபத்தொரு வயதில் ஷுக்ரி ஒரு புரக்டர் வக்கீலின் கந்தோரில் கிளாக்கராகச் சேர்ந்தான். கோட்டுப் போட்டுக்கொண்டு கடைவீதியில் அவன் நடந்து போவதை ஸைனப் ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அதற்குள் ஹுமைத் கடைவீதியில் ஒரு சின்னத் துணிக்கடை போட்டிருந்தார், ஆனாலும் இடையிடையே மூட்டையோடு தோட்டங்களுக்குப் போய் வந்தார். கடைக்குப் பின்பக்கம் வீடு. வீட்டின் வாசல் பின்சந்தில். சந்தில் முப்பத்துநாலு வீடுகள் இருந்தன, கிணறு ஒன்றுகூட இல்லை. பெண்கள் பதுளு ஓயா ஆற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்தார்கள். மழைக்காலத்தில் ஓயா சேறாக ஓடும், அதைத்தான் வடிகட்டிக் குடித்தார்கள். நகரத்துக் குழாய் கடைவீதியோடு போனது. சந்துக்குள் அதைக் கொண்டுவர வேண்டுமானால் அலவி ஹாஜியாரின் காணியை வெட்டித்தான் கொண்டுவர வேண்டும். சந்தின் பாதி வீடுகளுக்குச் சொந்தக்காரர் அவர். வெட்ட விடமாட்டேன் என்றுவிட்டார்.

ஒரு மழைக்காலத்தில் வயிற்றோட்டம் வந்து சந்தில் மூன்று பிள்ளைகள் போய்விட்டன. அவற்றில் ஒன்று பக்கத்து வீட்டு ஜெனீராவின் மகள், நாலு வயது. அந்த மையத்தைக் குளிப்பாட்டுவதற்கும் ஓயாவிலிருந்துதான் தண்ணீர் வந்தது. அன்றைக்குப் பிறகு ஹுமைத் சும்மா இருக்கவில்லை. ஷுக்ரியைக் கொண்டு மனு எழுதுவித்தார், அரசாங்கக் கச்சேரிக்கு நடந்தார், ஹாஜியாரின் வாசலில் போய் நின்றார். எதுவும் அசையவில்லை.

அப்போதுதான் ஊருக்குப் புதிதாகப் பட்டின சபை வந்தது. வட்டாரத்துக்கு ஒருவரை ஊராரே தேர்ந்தெடுக்கலாம், குழாய்க்குக் காணி வெட்டச் சபையே உத்தரவு போடலாம் என்றார்கள். சந்து ஆண்கள் பள்ளிவாசலில் கூடிப் பேசி, ஹுமைத்தை நிற்கச் சொன்னார்கள். எதிரே நிற்பவர் அலவி ஹாஜியார். வோட்டுக்கு நிபந்தனைகள் உண்டு: ஆணாக இருக்க வேண்டும், இவ்வளவு வருமானம் வேண்டும், இங்கிலீஷ், சிங்களம், தமிழ் இந்த மூன்றில் ஒன்று எழுத வாசிக்கத் தெரிய வேண்டும். முப்பத்துநாலு வீட்டில் இருபது பேருடைய பெயர் வோட்டர் இடாப்பில் ஏறியது, ஹுமைத்தின் பெயரும் சேர்த்து. இடாப்பில் பெயர் உள்ளவர்தான் நிற்கவும் முடியும்.

விண்ணப்பப் பாரங்களையெல்லாம் ஷுக்ரிதான் நிரப்பினான். “மச்சான், நீங்க ஒண்டுக்கும் பயப்பட வாணாம். நான் ஈக்கிறன்” என்றான்.

வேட்பு மனுச் செய்யக் கடைசி நாளுக்கு முந்தின நாள் கச்சேரியிலிருந்து அழைப்பு வந்தது. ஹுமைத்துக்கு எழுத்தறிவு இல்லை, பெயரை இடாப்பிலிருந்து வெட்ட வேண்டும் என்று ஹாஜியாரின் ஆள் ஒருவன் ஆட்சேபம் கொடுத்திருந்தான். ஹுமைத் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “எழுதச் சொன்னா எழுதுறன், வாசிக்கச் சொன்னா வாசிக்கிறன்” என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டு புறப்பட்டார். கூட ஷுக்ரி போனான். ஸ்பிரிங்வெளியிலிருந்து மாரிசாமியும் வந்திருந்தார். மாரிசாமி அங்கே ஒரு சில்லறைக் கங்காணி, சின்னக் கூலிக் கூட்டமொன்றுக்கு மேற்பார்வை. இருபது வருஷமாக ஹுமைத்திடம்தான் துணி எடுப்பவர். ஹுமைத் நானாவுக்குச் சாட்சி சொல்லப்போகிறேன் என்று, காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டில் தோட்டத்துத் துரையிடம் ஒருநாள் லீவு கேட்டு வந்தவர்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குச் சற்று முன்னால் மாரிசாமி மட்டும் கடைக்குத் திரும்பி வந்தார். ஸைனப் கடைக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த திரைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“அம்மா, நானா பள்ளிக்குப் போயிட்டாருங்க. ஒங்ககிட்ட சொல்லச் சொன்னாரு” என்றார்.

“செல்லுங்க கங்காணி. என்ன நடந்திச்சி?”

“பேர வெட்டிட்டாங்கம்மா.”

அவள் திரையைப் பிடித்துக்கொண்டாள். மாரிசாமி தரையைப் பார்த்தபடி நடந்ததைச் சொன்னார். “கச்சேரித் தொரை பேப்பரக் குடுத்து, பேர எழுதுன்னாரு. நானா எழுதுனாரு, வலப்பக்கத்துலேருந்து. தொரை அதத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. இது தமிழான்னு, மொழிபெயர்க்கிற முதலியாரக் கேட்டாரு. முதலியாருக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. தமிழ்தான் தொரை, எழுத்துத்தான் அரபுன்னாரு நானா. எனக்குப் பொறுக்கல. எந்திரிச்சு, தொரை, அவர வாசிக்கச் சொல்லி ஒங்க காதால கேளுங்கன்னேன். சரி, வாசின்னாரு.”

“என்னத்த வாசிச்சார்?”

மாரிசாமி தலைப்பாகையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். “கோட்டுப் பையில ஒங்க கடுதாசி இருந்திச்சுங்க. வேற ஒண்ணும் இல்ல.”

ஸைனப்புக்கு முகமெல்லாம் எரிந்தது. போன மாதம் தெமோதரைக்கு எழுதிய கடிதம் அது. கால் வெடிப்புக்கு எண்ணெய் பூசுங்கள் என்று எழுதியிருந்தாள். நீங்கள் இல்லாத வீட்டில் சோறு இறங்கவில்லை என்று எழுதியிருந்தாள். எலெக்ஷன் வேலையெல்லாம் ஷுக்ரி பார்த்துக்கொள்கிறான், அவன் இருக்கும்வரை நமக்குப் பயமில்லை, நாம் பெறாத பிள்ளை அவன் என்றும் எழுதியிருந்தாள். புருஷனைத் தவிர ஒருவர் கண்ணும் படக்கூடாத எழுத்தைக் கச்சேரியில் இருபது முப்பது ஆண்களுக்கு நடுவே அவர் உரக்க வாசித்திருக்கிறார்.

“முழுக்க வாசிச்சாரா?”

“முழுக்க வாசிச்சாரும்மா. யாரும் சிரிக்கல. முதலியார், தமிழ்தான் ஸர்ன்னாரு. தொரை மனசு எளகுன மாதிரிதான் இருந்திச்சு. ஆனா, மனப்பாடம் பண்ணி வச்சிருப்பாரோன்னு ஒரு சந்தேகம். ஒடனே ஒங்க தம்பியப் பாத்து, நீ இவரு வீட்டு ஆளு, படிச்சவன், நீ சொல்லுன்னாரு.”

“அவன் என்ன செல்லின?”

“இங்கிலீசுல சொன்னாருங்க. முதலியார் தமிழ்ல எடுத்துச் சொன்னாரு. இவருக்குத் தெரிஞ்சது அரபு எழுத்து மட்டுந்தான், தமிழ் எழுத்து ஒண்ணுகூடத் தெரியாதுன்னு.” மாரிசாமி தலைப்பாகையைத் திரும்பக் கட்டிக்கொண்டார். “எங்களுக்கு இந்த வோட்டெல்லாம் கெடையாதும்மா. காலைல பெரட்டுல பேரு கூப்பிடுறாங்களே, அந்த எடத்துல மட்டுந்தான் எங்க பேரு இருக்கு. நானாவுக்காச்சும் இருந்திச்சேன்னு பாத்தேன். அதையும் வெட்டுறதக் கண்ணால பாத்துட்டேன். வர்றேங்க.”

பொழுது சாய, மஃரிபுக்கு முன்னால் ஷுக்ரி வந்தான். அவளைப் பார்க்காமல் செருப்பைக் கழற்றினான்.

“நான் பொய் செல்லல்ல ராத்தா” என்றுதான் ஆரம்பித்தான். “கேட்டாங்க, ஈக்கிறதச் சென்னன். சத்தியம் பண்ண வச்சிட்டுக் கேக்குறாங்க. நான் புரக்டர் கந்தோர்ல வேல செய்றவன்.”

“தமிழ்தான் வாசிச்சார்னு செல்ல ஏலாமப் போச்சா?”

“எழுத்தப் பத்தித்தானே கேட்டாங்க.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “யோசிச்சுப் பாருங்க. அந்தச் சபையில எல்லாம் இங்கிலீசில. மச்சான் அங்க போய் என்ன செய்வார்? மத்தவங்க முகத்தப் பாத்துக்கிட்டு ஈப்பார். நாளைக்குத்தான் கடைசி நாள். நான் நிக்கப் போறன். நம்மட எடத்த ஹாஜியாருக்கு உட்டுக் குடுக்கவா?”

கோட்டின் உள்பையிலிருந்து மடித்த பாரத்தை எடுத்துக் காட்டினான். ஓரம் கசங்கியிருந்தது. எல்லாக் கட்டங்களும் நிரப்பப்பட்டிருந்தன. அவளுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது, ஆனால் மை காய்ந்து பழுத்திருந்தது தெரிந்தது.

“இத எப்ப நெரப்பின? கச்சேரிக்குப் போக முந்தியா, பொறகா?”

ஷுக்ரி பாரத்தை மடித்து உள்ளே வைத்தான். அவள் அன்றைக்கு அவனுக்குச் சோறு போடவில்லை. இருபது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அவன் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைவீதியில் ஒரு சிநேகிதன் வீட்டுக்குப் போய்விட்டான்.

ஹுமைத் அவனைத் திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். மனிதர் இரண்டு நாள் கடையைத் திறந்து மூடினார், அவ்வளவுதான். மூன்றாம் நாள் காலையில் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, “நான் சந்துக்குள்ள போய் ஷுக்ரிக்கு வோட்டுக் கேக்கப் போறன்” என்றார்.

ஸைனப்புக்குக் காது கேட்டது சரிதானா என்று இருந்தது. “என்ன செல்றீங்க?”

“எனக்குச் செஞ்சது எனக்குள்ள ஈக்கட்டும். அவன் வெண்டா கொழாய் வரும். ஹாஜியார் வெண்டா வராது. இந்த மழக்கி இன்னொரு மையத்த நான் தூக்க மாட்டன்.”

“ஒங்கள எழுத்துத் தெரியாதவர்னு ஊருக்கு முன்னால வச்சவன். நான் வளத்த பிள்ள.”

“அதாலதான் நோகுது” என்றார் அவர். போய்விட்டார்.

ஒரு வாரம் வீடு வீடாக ஏறி இறங்கினார். சந்து ஆண்களுக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. கச்சேரியில் என்ன நடந்தது என்று கேட்டவர்களிடம், சட்டம் அப்படி என்று மட்டும் சொன்னார். ஷுக்ரியோ கடைவீதியில் நின்று, “மச்சான்தான் என்னை நிறுத்தியிருக்கிறார்” என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பேச்சு திரைக்குப் பின்னால் நின்ற ஸைனப்பின் காதிலும் விழுந்தது.

அவளுக்கு வோட்டில்லை. வெளியே போய்ப் பேசவும் வழியில்லை. கையில் இருந்தது எழுத்து ஒன்றுதான். சந்தில் வோட்டுள்ள எட்டு வீட்டுப் பெண்களுக்கு அரபுத்தமிழ் வாசிக்க வரும். வெள்ளிக்கிழமை பணியாரம் சுட்டு, எட்டுத் தட்டில் வைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் அடியில் ஒரு துண்டுக் காகிதத்தை மடித்து வைத்து அனுப்பினாள். எட்டிலும் ஒரே வாசகம்தான். ‘என் தம்பி கச்சேரியில் தன் மச்சானுடைய பெயரை வெட்டுவித்து, அந்த இடத்தில் தான் நிற்கிறான். என் புருஷன் இதைச் சொல்லமாட்டார். உங்கள் வீட்டு ஆண்களுக்குச் சொல்லுங்கள். வோட்டு அன்றைக்கு அவர்கள் வீட்டில் இருக்கட்டும்.’

எழுதும்போது ஹாஜியாரைப் பற்றியோ குழாயைப் பற்றியோ அவள் நினைக்கவில்லை. தட்டுகள் காலியாகத் திரும்பி வந்தபோது மனம் குளிர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

வோட்டு அன்றைக்குக் காலையிலிருந்தே தூறல். கச்சேரிப் பக்கம் குடைகளாகத் தெரிந்தன. ஹுமைத் வெளியே ஆலமரத்தடியில் நின்று, சந்து ஆட்களை ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார். அவருடைய பெயர் போக, சந்துக்கு மிச்சம் பத்தொன்பது வோட்டு. பதினொரு பேர் வந்தார்கள். எட்டுப் பேர் வரவில்லை. ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருவன் வெளிமடைக்குப் போயிருந்தான், ஒருவன் கதவையே திறக்கவில்லை. ஹுமைத் இரண்டு தரம் சந்துக்கும் கச்சேரிக்குமாக நனைந்துகொண்டு ஓடினார்.

அலவி ஹாஜியாருக்கு அறுபத்தொன்று. ஷுக்ரிக்கு ஐம்பத்தாறு.

மறுநாள் ஸைனப் முற்றத்தில் பானை கழுவிக்கொண்டிருந்தபோது ஜெனீரா வந்தாள். முக்காட்டுக்குள்ளிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

“ஒங்கட காயிதம். வச்சிக்கொள்ளுங்க.”

“என்ன ஜெனீரா?”

“மர்ஸூக் போகல்ல. நான்தான் போக விடல்ல. ஒங்கட மானம் எங்கட மானம்னு நெனச்சன்.” புருஷனைத் தடுத்த கையாலேயே அவள் தன் நெஞ்சில் தட்டிக்கொண்டாள். “அஞ்சு வோட்டு, ராத்தா. இப்பதான் கடையில செல்றாங்க, அஞ்சே அஞ்சு. என்ட புள்ள தண்ணியால மௌத்தானா. ஒங்கட தம்பி கெட்டவனா ஈக்கட்டும். அவன் கொண்டாற தண்ணியும் கெட்டதா? இத நீங்க எழுதக்குள்ள யோசிக்கல்லயா?”

ஸைனப் பானையைக் கீழே வைத்தாள். கடைக் கதவோரம் ஹுமைத் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. அவர் வந்து ஜெனீராவின் கையிலிருந்த காகிதத்தை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்து, வலமிருந்து இடமாக, ஓர் எழுத்திலும் தடுக்காமல் வாசித்தார். வாசித்து முடித்ததும் மடித்து ஜன்னலில் வைத்தார். “கடை தொறக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் அதைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஏசியிருந்தால், அவள் அழுதாவது இருப்பாள். அந்த வருஷ மழையில் சந்தில் இன்னும் இரண்டு பிள்ளைகள் போயின. இரண்டு மையத்தையும் அவர்தான் தூக்கினார். அந்த இரண்டு வீட்டுக்கும் ஸைனப் போனபோது, உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. பணியாரத் தட்டுகள் அவள் வாசலுக்கு வருவது நின்றுவிட்டது. அவள் அனுப்பினால் அப்படியே திரும்பி வந்தன. ஷுக்ரி பண்டாரவளைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டான். தோற்றதற்குக் காரணம் ராத்தாதான் என்று அவனும் அறிந்திருந்தான்.

ஐம்பது வயதுக்கு மேல் ஹுமைத் தமிழ் எழுத்துப் படித்தார். ஸ்பிரிங்வெளிக்குப் போகும்போதெல்லாம் மூட்டையை இறக்கிவிட்டு, மாரிசாமியிடம் உட்கார்ந்து சிலேட்டில் எழுதிப் பழகினார். லயத்துச் சனத்துக்கு ஊர்க் கடிதம் வாசித்துச் சொல்கிறவர் மாரிசாமி. ஒரு வருஷத்தில் எழுத்து கைவந்துவிட்டது. அதற்குப் பிறகு தோட்டத்திலிருந்து வந்த கடிதங்கள் தமிழ் எழுத்தில் வந்தன.

“எனக்கு இது வாசிக்கத் தெரியாதே” என்றாள் ஸைனப், முதல் தடவை அவர் திரும்பி வந்தபோது.

“கை பழகணும்” என்றார் அவர்.

அக்கம்பக்கத்தில் கேட்க அவளுக்கு முகமில்லை. சம்பள ஞாயிறன்று மாரிசாமி ஊருக்கு வரும்வரை கடிதத்தை வைத்திருப்பாள். அவர் திரைக்கு அப்பால் நின்று வாசிப்பார். “நல்லா இருக்கேன்னு எழுதியிருக்காரும்மா. செவ்வாய்க்கெழம வருவாராம்.” அவ்வளவுதானா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். அவ்வளவுதாங்க என்பார் மாரிசாமி.

மூன்று வருஷம் கழித்து மறுபடியும் எலெக்ஷன் வந்தது. அதற்குள் பதுளைக்கு ரயிலே வந்துவிட்டது. குழாய் மட்டும் வரவில்லை. ஹுமைத் கச்சேரிக்குப் போய், தமிழில் பெயர் எழுதிக் காட்டி, இடாப்பில் ஏறினார். நிற்கும்படி சந்தில் யாரும் அவரைக் கேட்கவில்லை, அவரும் நிற்கவில்லை. நின்றவர்கள் அலவி ஹாஜியாரும், பண்டாரவளையிலிருந்து அதற்காகவே வந்த ஷுக்ரியும். எலெக்ஷனுக்கு ஒரு கிழமை முன்னால் ஹாஜியார் தன் காணியில் குழாய்க்குப் பள்ளம் வெட்டத் தொடங்கினார். ஷுக்ரி ஒரு காலை வேளையில் கடைக்கு வந்து, மச்சானின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். இருவரும் மெதுவாகப் பேசினார்கள். திரைக்குப் பின்னால் ஒன்றும் கேட்கவில்லை.

அன்றைக்கு ஹுமைத் வெள்ளைச் சாரம் உடுத்தி, தொப்பி வைத்து, நேரத்தோடு போய் வந்தார். ஸைனப் தண்ணீர்ச் செம்பை அவர் கையில் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

“யாருக்குப் போட்டீங்க?”

ஹுமைத் செம்பைக் கீழே வைத்தார். “அது ரகசியம்னு செல்லியீக்கிறாங்க” என்றார்.

“எனக்கிட்டயுமா?”

அவர் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஹாஜியார் முப்பது வோட்டு வித்தியாசத்தில் வென்றார். பள்ளம் வெட்டினது அதோடு நின்று, மழையில் தூர்ந்துபோயிற்று. நாலு வருஷம் கழித்து மாரடைப்பில் ஹுமைத் மௌத்தானார். அந்த வோட்டை யாருக்குப் போட்டார் என்று கடைசிவரைக்கும் அவளிடம் சொல்லவில்லை.